இருநூறு அடியில் எடுக்க முடியாத முடிவு

தரையிலிருந்து 200 அடி உயரம். ஏறக்குறைய இருபது மாடிக் கட்டடத்தின் உச்சி. இயந்திரம் இல்லாத விமானமான கிளைடர் ஒன்று, முன்னால் பறக்கும் சிறு விமானத்தின் பின்னே நீண்ட கயிற்றில் கட்டுண்டு மேலேறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கயிறு சட்டென்று விடுபடுகிறது. இழுத்துச் சென்ற விமானம் தன் போக்கில் போய்விட, கிளைடர் தனித்துவிடப்படுகிறது. இனி அதன் கையிருப்பு, மிச்சமிருக்கும் உயரமும் வேகமும் மட்டுமே. தரையைத் தொட ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் உள்ளது. எந்தப் பக்கம் செல்வது என்று முடிவெடுக்கக் கிடைப்பதோ இரண்டு, மூன்று நொடிகள்.

இது விபத்துச் செய்தியின் முதல் பத்தியைப் போலத் தோன்றலாம். உண்மையில் இது ஒரு தேர்வு வினா. அமெரிக்காவில் கிளைடர் விமானி உரிமம் பெற விரும்புவோருக்கு இது வழக்கமான பாடம். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பயிற்றுநர், மாணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் குமிழை இழுத்துவிடுகிறார். அடுத்து மாணவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவரைத் தனியாகப் பறக்க விடலாமா, கூடாதா என்று முடிவு செய்யப்படுகிறது.

தரைக்கு இவ்வளவு அருகில், ஒரு மாணவரை வேண்டுமென்றே நெருக்கடியில் தள்ளுவது பயிற்சியா, விபரீதமா? கிளைடர் உலகம் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகளாக விவாதித்துவருகிறது. கிளைடிங் ஒரு சிறிய விளையாட்டு. ஆனால், ஆபத்தான பணிக்கு மனிதரைப் பழக்கும் எந்தத் துறையும் இதே கேள்வியைச் சந்தித்தாக வேண்டும். ஆபத்தைக் காட்டாமல் பழக்கினால், அது வரும் நாளில் மாணவர் திகைத்து நிற்பார். ஆபத்தைக் காட்டியே பழக்கினால், பயிற்சியே உயிரைப் பறிக்கக்கூடும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது என்பதைக் கிளைடர் துறையின் அனுபவம் காட்டுகிறது.

தரை நெருங்கும்போது ஏமாற்றும் கண்

பறத்தலின் முன்னோடியான ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால், தாமே செய்த கிளைடர்களில் ஏறக்குறைய 2,000 முறை பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று அவருடைய கிளைடர் காற்றில் வேகமிழந்தது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த அவர், மறுநாள் உயிரிழந்தார். அன்று அவரை வீழ்த்தியதற்கு இன்றைய விமானிகள் ‘ஸ்டால்’ என்று பெயர் சொல்கிறார்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, இறக்கை தன் தூக்கும் விசையை இழந்துவிடுகிறது. இரண்டு இறக்கைகளில் ஒன்று மற்றொன்றுக்கு முன்பாகத் தூக்கும் விசையை இழந்தால், விமானம் சுழன்றபடி விழத் தொடங்கும். இது ‘ஸ்பின்’.

ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் இவை இரண்டும் பெரும் ஆபத்துகள் அல்ல. மூக்கைத் தாழ்த்தினால் ஸ்டால் தீரும். முறைப்படி எதிர்ச் சுக்கானைக் கொடுத்துத் தண்டை முன்னே தள்ளினால் ஸ்பின் நிற்கும். ஆனால், ஸ்பின்னிலிருந்து மீள்வதற்குள் சில நூறு அடி உயரம் கரைந்துபோகும். 200 அடியில் இருப்பவரிடம் அந்தச் சில நூறு அடி கிடையாது. எனவே, தாழ்ந்த உயரத்தில் ஸ்பின்னுக்குத் தீர்வு என்று ஒன்று இல்லை. அதற்குள் நுழையாமல் இருப்பது ஒன்றே வழி.

அதில் நுழைய வைப்பது பெரும்பாலும் விமானியின் அச்சமே. ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பறக்கும் கிளைடர், இறக்கையை 30 பாகை சாய்த்துத் திரும்பினால் எதிர்த் திசையை அடைய ஏறக்குறைய 15 நொடிகள் ஆகும். 45 பாகை சாய்த்தால் 9 நொடிகள் போதும். சாய்வு கூடும்போது கிளைடர் சற்று வேகமாக இறங்கும் என்றாலும், திருப்பம் விரைவில் முடிவதால் மொத்தத்தில் இழக்கும் உயரம் குறைவு. ஆக, கயிறு அறுந்து ஓடுதளத்துக்குத் திரும்புபவருக்கு நன்கு சாய்ந்த திருப்பமே பாதுகாப்பானது.

மனம் இதை ஏற்க மறுக்கிறது. இறக்கை நுனி மரங்களை நோக்கிச் சாய்வதைக் கண்டதும், கை தானாகவே சாய்வைக் குறைக்கிறது. திருப்பம் மெதுவாகிறது; ஓடுதளம் நழுவுகிறது. அதை ஈடுகட்ட, கால் சுக்கானை மிகுதியாக மிதிக்கிறது. மூக்கு தாழ்கிறது, தரை நெருங்குகிறது, கை தண்டைப் பின்னே இழுக்கிறது. போதாக்குறைக்கு, காற்று பின்னாலிருந்து வீசத் தொடங்கியதும் தரை விரைந்து ஓடுவதுபோலத் தெரியும். வேகம் அதிகம் என்று கருதி விமானி அதை மேலும் குறைப்பார். ஸ்பின்னை வரவழைக்கப் பாடநூல் சொல்லும் செய்முறையும் கிட்டத்தட்ட இதுதான். ஒவ்வோர் அசைவும் உயிரைக் காக்கும் நோக்கத்தில் செய்யப்பட்டது. அவை சேர்ந்துதான் உயிரைப் பறிக்கின்றன.

திரும்பும்போது ஸ்டால் வேகமும் கூடும். நேராகப் பறக்கையில் மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் கிளைடர், 45 பாகைத் திருப்பத்தில் 77 கி.மீ. வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். 60 பாகையில் அது ஏறக்குறைய 92 கி.மீ. ஆகிறது. இந்தக் கணக்கை அறியாத விமானிகள் குறைவு. அறிந்திருந்தும் பலர் இறந்திருக்கிறார்கள். பாடத்தில் அறிந்ததைப் பதற்றத்தில் கை கால்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதே பயிற்சியின் முதல் நோக்கம்.

இரண்டு நொடிகளின் கணக்கு

கிளைடரை மேலேற்ற மற்றொரு வழி விஞ்ச். ஓடுதளத்தின் மறுகோடியில் நிற்கும் இயந்திரம் நீண்ட கேபிளைச் சுருட்டி இழுக்க, கிளைடர் பட்டம்போல் செங்குத்தாக எழும். செலவு குறைவு என்பதால் ஐரோப்பாவின் பல கிளைடர் சங்கங்கள் இதையே நம்பியுள்ளன. இதில் கேபிள் அறுவது அபூர்வமான நிகழ்வு அல்ல. கிளைடரின் உடலுக்குச் சேதம் வராமல் இருக்க, அளவு மீறிய விசை வந்தால் அறுந்துபோகும்படி ஒரு வலுக்குறைந்த இணைப்பைக் கேபிளில் வைத்திருப்பார்கள்.

மூக்கு 40 பாகை மேல்நோக்கி இருக்கும்போது கேபிள் அறுந்தால், புவியீர்ப்பு ஒவ்வொரு நொடியும் மணிக்கு ஏறக்குறைய 22 கி.மீ. வேகத்தைப் பறித்துக்கொள்ளும். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் எழுந்துகொண்டிருந்த கிளைடர், விமானி இரண்டு நொடி திகைத்து நின்றால் 65 கி.மீ.க்கு வந்துவிடும். எனவே, அறுந்ததை உணர்ந்த கணத்திலேயே மூக்கைக் கீழே தள்ள வேண்டும். இதைப் பெரும்பாலான மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த பிழைதான் நுட்பமானது. மூக்கு தாழ்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதைப்போலத் தோன்றும். முன்னே அடிவானம் தெரிகிறது. கிளைடர் இறங்கும் நிலையில் இருக்கிறது. ஆனால், இழந்த வேகம் அதற்குள் திரும்பியிருக்காது. அது திரும்பச் சில நொடிகள் பிடிக்கும். அந்தச் சில நொடிகள் காத்திருக்க மனமின்றி உடனே திருப்பத்தைத் தொடங்குபவர், ஸ்டாலின் விளிம்பில் நின்றுகொண்டு இறக்கையைச் சாய்க்கிறார். ஒன்றும் செய்யாமல் வேகமானியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய மிகக் கடினமான வேலை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமை பிறவிக் குணம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 200 அடியில் அது முழுக்க முழுக்கப் பழக்கத்தால் வருவது.

பிரிட்டன் கண்ட வழி

விஞ்ச் விபத்துகளில் தொடர்ந்து உயிர்கள் போய்க்கொண்டிருந்த நிலையில், பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005இல் பாதுகாப்பான விஞ்ச் ஏவுதலுக்கான ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. புதிய கருவி எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. புதிய சட்டத்தைக் கேட்கவும் இல்லை. பல ஆண்டுகளின் விபத்துப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, விமானிகள் எந்தக் கணத்தில் எந்தத் தவறால் இறக்கிறார்கள் என்று தரம் பிரித்துப் பார்த்தது. பெரும்பாலான உயிரிழப்புகளும் படுகாயங்களும் சில குறிப்பிட்ட கணங்களிலேயே குவிந்திருந்தன. தரையில் ஓடும்போது இறக்கை நுனி நிலத்தில் உரசிக் கிளைடர் புரள்வது. எழும்பியதும் மூக்கை அளவுக்கு மீறிய விரைவில் உயர்த்தி ஸ்டால் ஆவது. கேபிள் அறுந்தபின் வேகத்தை மீட்காமல் திரும்புவது.

ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகளில் அடங்கும் விதி வகுக்கப்பட்டது. ஓட்டம் தொடங்கும்போதே கை விடுவிப்புக் குமிழின் மேல் இருக்கட்டும். இறக்கையைச் சமமாக வைத்திருக்க முடியவில்லை என்றால், நுனி தரையைத் தொடும் முன்னரே கேபிளை விட்டுவிடு. போதிய வேகம் வந்து, அது மேலும் கூடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே மூக்கை உயர்த்து. முழு ஏற்றத்துக்குச் செல்லக் குறைந்தது 5 நொடிகள் எடுத்துக்கொள். கேபிள் அறுந்தால் மூக்கைத் தாழ்த்து, இறங்குவதற்கு வேண்டிய வேகம் வரும்வரை காத்திரு, நேரே இறங்க முடிந்தால் நேரே இறங்கு.

இந்த விதிகளில் துணிச்சலுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போது விட்டுவிடுவது, எப்போது காத்திருப்பது, எப்போது திரும்பாமல் இருப்பது என்பவையே அவற்றின் உள்ளடக்கம். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பிரிட்டனின் விஞ்ச் ஏவுதல்களில் உயிரிழப்பும் படுகாயமும் கணிசமாகக் குறைந்தன. அதே கிளைடர்கள், அதே விஞ்ச்கள், பெரும்பாலும் அதே விமானிகள். மாறியது, எதை எந்தக் கணத்தில் செய்ய வேண்டும் என்ற தெளிவு.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. கிளைடர் புறப்படும் முன் விமானி வரிசையாகச் செய்யும் சரிபார்ப்பில் கடைசி இனம், எதிர்பாராதவை. இன்றைய காற்று எப்படி இருக்கிறது, கேபிள் தாழ்வாக அறுந்தால் எங்கே இறங்குவேன், நடுத்தர உயரத்தில் அறுந்தால் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். அமெரிக்காவில் இழுவிமானத்தின் பின்னே செல்லும் மாணவர், 200 அடியைத் தாண்டும்போது அந்த எண்ணை உரக்கச் சொல்லப் பழக்கப்படுகிறார். இதுவரை கயிறு அறுந்தால் நேரே இறங்குவேன். இனி அறுந்தால் ஓடுதளத்துக்குத் திரும்பலாம் என்பது அதன் பொருள். 200 அடியில் எடுக்க முடியாத முடிவைத் தரையில் நிற்கும்போதே எடுத்துவிடுகிறார். மேலே சென்றபின் அவர் முடிவெடுப்பதில்லை. எடுத்த முடிவை நிறைவேற்றுகிறார்.

பயிற்சியே உயிரைப் பறித்தால்?

இந்தப் பயிற்சி முறையை எதிர்ப்பவர்களின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. 1967 மார்ச் 30 அன்று, டெல்டா நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று நியூ ஆர்லியன்ஸ் அருகே இரண்டு இயந்திரங்கள் நின்றுவிட்டதுபோலப் பாவித்துப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டை இழந்த அது, குடியிருப்புகளிலும் ஒரு விடுதியிலும் மோதியது. விமானத்தில் இருந்த 6 பேரும், தரையில் இருந்த 13 பேரும் உயிரிழந்தனர். நிகழாத ஒரு கோளாறுக்காகச் செய்த ஒத்திகை 19 உயிர்களைக் கொண்டுபோனது. இன்று பெரிய விமானங்களின் இயந்திரக் கோளாறுப் பயிற்சி பெரும்பாலும் தரையில் நிற்கும் சிமுலேட்டர்களில் நடப்பதற்கு இத்தகைய விபத்துகளும் ஒரு காரணம்.

ஸ்பின் பயிற்சியின் வரலாறும் இதையொட்டியதே. தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 1949இல் நீக்கியது. ஸ்பின்னில் விழுந்து எழக் கற்பிப்பதைவிட, அதற்கு முந்தைய ஸ்டாலை அடையாளம் கண்டு தவிர்க்கக் கற்பிப்பதே மேல் என்பது அதன் தர்க்கம். பிரிட்டனின் கிளைடர் சங்கங்களோ மாணவர் தனியாகப் பறக்கும் முன்பே ஸ்பின்னை நேரில் காட்டிவிடுகின்றன. வெப்பக் காற்றில் தாழ்ந்த வேகத்தில் வட்டமிடுவதே கிளைடரின் வாழ்க்கை என்பதால், ஸ்பின்னின் முகத்தை அறியாத கிளைடர் விமானி இருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பும் தம் தம் இடத்தில் சரியே. எதைப் பழக்குவது என்பதற்கு ஒரே விடை கிடையாது. எப்படிப் பழக்குவது என்பதில்தான் பொது விதி உண்டு.

அந்த விதியை நம் கிராமத்துக் கிணறுகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. நீச்சல் பழகும் பிள்ளையின் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் நீரில் இறக்குவார்கள். குடுக்கை மூழ்கவிடாது, ஆனால், கை கால்களை அடித்தாக வேண்டும். முதுகின் கீழ் ஒரு பெரியவரின் கை இருக்கும். நாளடைவில் கையும் குடுக்கையும் விலகும். கரையில் நிறுத்திப் பாடம் நடத்தியும் யாரும் நீச்சல் கற்பிக்கவில்லை. ஆழத்தில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்ததும் இல்லை.

ரைட் சகோதரர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பறக்கக் கற்றார்கள். 1902 இலையுதிர் காலத்தில் கிட்டி ஹாக்கின் மணல்மேடுகளில் 700 முதல் 1,000 முறை வரை அவர்கள் கிளைடரில் பறந்தார்கள். மென்மையான மணல், தாழ்ந்த உயரம், தரை வேகத்தைக் குறைக்கும் எதிர்க்காற்று ஆகியவற்றையே சுரைக்குடுக்கையாக வைத்துக்கொண்டார்கள். கிளைடர் ஒரு பக்கமாகச் சரிந்து மணலில் குத்தி நிற்பதை அவர்கள் ‘கிணறு தோண்டுதல்’ என்று கேலியாக அழைத்தார்கள். அந்தக் கிணறுகளில் கற்ற பாடமே அசையும் சுக்கானை அவர்களுக்குத் தந்தது. வேறிடத்தில் உயிரைப் பறித்திருக்கக்கூடிய பிழை, அங்கே கேலிப் பெயராக மட்டும் முடிந்தது.

கிளைடர் பயிற்சியிலும் இந்தப் படிநிலைகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலில் 3,000 அடி உயரத்தில், அங்கே ஒரு கற்பனைத் தரையை வைத்துக்கொண்டு, கயிறு அறுந்ததுபோலத் திரும்பிப் பார்ப்பது. எவ்வளவு உயரத்தை இழந்தோம் என்று அளப்பது. பிறகு கணினியில் இயங்கும் ‘காண்டர்’ போன்ற பறத்தல் சிமுலேட்டர்களில் அதே நிகழ்வைப் பலமுறை திரும்பச் செய்வது. அங்கே விழுந்தாலும் எழுந்து தேநீர் அருந்தலாம். அதன்பின் பயிற்றுநரோடு, முன்னறிவிப்புடன், போதிய உயரத்தில் உண்மையான விடுவிப்பு. இவை எல்லாம் கைவந்தபின் கடைசியாக, முன்னறிவிப்பின்றி. அப்போதும் காற்றும் ஓடுதளமும் இடம் கொடுக்கும் நாளில் மட்டுமே. மாணவர் முற்றிலும் தவறு செய்தாலும் தம்மால் பத்திரமாக இறக்க முடியும் என்ற உயரத்தில்தான் பயிற்றுநர் குமிழைத் தொட வேண்டும். பயிற்சிக்காகச் செய்த கேபிள் முறிவே விபத்தாக முடிந்த நிகழ்வுகளில், இந்த எல்லையை நம்பிக்கை மிகுந்த பயிற்றுநரே தாண்டிவிடுவது உண்டு.

நேர்வதும் தேர்வதும்

விவாதத்தில் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளப்படும் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தாழ்ந்த உயரத்து ஆபத்துகள் இரண்டு வகை. ஒன்று, நமக்கு நேர்வது. கயிறு அறுவதும், விஞ்ச் நின்றுபோவதும் விமானியைக் கேட்டு வருவதில்லை. மற்றொன்று, நாமே தேர்வது. போட்டியின் முடிவுக் கோட்டை மரங்களின் உயரத்தில் சீறிக்கொண்டு கடப்பது, கூடியிருப்போர் கைதட்டத் தாழப் பறந்து காட்டுவது, வயலில் இறங்க வேண்டிய உயரத்தில் ‘இன்னும் ஒரு வட்டம் போட்டுப் பார்க்கலாம்’ என்று வெப்பக் காற்றைத் தேடுவது ஆகியவை இரண்டாம் வகை.

முதல் வகைக்குப் பயிற்சியே மருந்து. இரண்டாம் வகைக்குப் பயிற்சியை மட்டும் மருந்தாக்கினால், அது நோயை வளர்க்கக்கூடும். ‘எனக்குத்தான் பழக்கம் இருக்கிறதே’ என்ற எண்ணமே அந்த ஆபத்தை நோக்கி இழுத்துச் செல்லும். இதற்கு விதிகளே தேவை. போட்டிகளை நடத்துவோர் இதை உணர்ந்து, முடிவுக் கோட்டை இந்த உயரத்துக்குக் கீழே கடந்தால் புள்ளிகள் குறைக்கப்படும் என்ற முறையைப் பல இடங்களில் கொண்டுவந்துள்ளனர். ஆபத்தில் லாபம் இருந்த இடத்தில் லாபத்தை எடுத்துவிட்டார்கள். வெளியிடத்தில் இறங்குவதற்கும் அப்படியே: சுமார் 2,000 அடிக்குள் பகுதியைத் தேர்ந்தெடு, 1,000 அடி வந்ததும் தேர்ந்த வயலில் இறங்குவதைத் தவிர வேறு எண்ணம் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. அந்த எல்லையில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது தரையிறக்கம் மட்டுமே.

வயலில் இறங்கிய கிளைடரை ஆட்கள் வந்து பிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நேரமும் பணமும் செலவாகும், கேலியும் கிடைக்கும். முன்னெச்சரிக்கையாகக் கேபிளை விட்டவரை நண்பர்கள் நகைத்தால், அடுத்த முறை அவர் ஒரு நொடி தயங்குவார். ஒரு சங்கத்தின் பாதுகாப்பை அதன் விதிப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. தோற்று இறங்கியவரை அங்கே எப்படி வரவேற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

பெரிய விமானங்களுக்குச் சென்ற பாடம்

1983 ஜூலை 23 அன்று, ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் இன்றி நின்றுபோனது. எரிபொருளைக் கிலோவில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டில் கணக்கிட்டதால் நேர்ந்த பிழை. 69 பேருடன் ஒரு மாபெரும் கிளைடராக மாறிய அந்த விமானத்தைக் கேப்டன் ராபர்ட் பியர்சன், கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். ஓடுதளத்தை நெருங்கியபோது உயரம் மிகுதியாக இருந்தது. அவர் இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து, சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். கிளைடர் விமானிகளுக்கு இது அன்றாடப் பழக்கம். பியர்சன் தேர்ந்த கிளைடர் விமானி. யாருக்கும் பெருங்காயம் ஏற்படவில்லை.

திருப்பத்தில் சுக்கானைத் தவறாக மிதித்துப் பலர் உயிரிழக்கிறார்கள். சுக்கானும் சாய்வும் எதிரெதிராக இருந்த நிலையிலேயே பியர்சன் 69 உயிர்களைக் காத்தார். அவர் அதைப் போதிய வேகத்துடன், விளைவை அறிந்து, ஏற்கெனவே பலமுறை பழகிய கையால் செய்தார்.

2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரண்டு இயந்திரங்களையும் இழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்த செஸ்லி சல்லன்பெர்கரும், அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் கிளைடர் பறந்தவர். பின்னர் நடந்த விசாரணையில், அந்த விமானம் புறப்பட்ட விமான நிலையத்துக்கே திரும்பியிருக்க முடியுமா என்று சிமுலேட்டரில் சோதித்தார்கள். பறவைகள் மோதிய கணத்திலேயே திரும்பிய சில முயற்சிகள் வெற்றி பெற்றன. மனிதர் நிலைமையைப் புரிந்துகொள்ள ஆகும் நேரமாக 35 நொடிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, திரும்ப முடியவில்லை. ‘திரும்பியிருக்கலாமே’ என்று பின்னாளில் சொல்வது எளிது. அந்த 35 நொடிகள்தான் உண்மையான வானத்துக்கும் காகிதக் கணக்குக்கும் உள்ள இடைவெளி. பயிற்சி குறைக்க முயல்வது இந்த இடைவெளியையே.

இந்தியா கற்க வேண்டியது

கிளைடிங் இந்தியாவுக்கு அந்நியமானதன்று. புணேவின் ஹடப்சரில் மத்திய அரசின் கிளைடிங் மையம் பல பத்தாண்டுகள் விஞ்ச் மூலம் மாணவர்களை வானில் ஏற்றியிருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையம் உள்நாட்டிலேயே கிளைடர்களை வடிவமைத்து, அசுவினி, பரணி, ரோகிணி என்று நட்சத்திரப் பெயர்களைச் சூட்டியது. அந்த மரபு இன்று மங்கிக் கிடக்கிறது. நூற்றுக்கணக்கில் புதிய விமானங்களை வாங்கிவரும் நாடு, இயந்திரம் இல்லாமல் பறக்கும் கலையைத் தன் இளம் விமானிகளுக்கு அறிமுகப்படுத்தும் மலிவான வழியைக் கைவிடுவது தூரநோக்குள்ள செயல் ஆகாது.

விமானப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் முறையைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2025இல் கொண்டுவந்துள்ளது. பாதுகாப்பும் அதன் அளவுகோல்களில் ஒன்று. இது வரவேற்கத்தக்கது. ஆனால், எச்சரிக்கையும் தேவை. விபத்துகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால், எதையும் பழக்காத பள்ளியும் நல்ல மதிப்பெண் பெற்றுவிடும். சிறு தவறுகளை மறைக்கும் பள்ளியும் பெற்றுவிடும். நெருக்கடிப் பயிற்சி எந்தப் படிநிலைகளில் அளிக்கப்படுகிறது, பயிற்றுநர்களின் கை எவ்வளவு அண்மையில் பழகியது, மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் எத்தனை தாமாக முன்வந்து பதிவு செய்யப்பட்டன என்பவையும் கணக்கில் வர வேண்டும். பிரிட்டன் தன் விஞ்ச் விபத்துகளைக் குறைத்தது, பல ஆண்டுகளின் பிழைகள் மறைக்கப்படாமல் பதிவேட்டில் இருந்ததால்தான். எழுதப்படாத பிழையிலிருந்து எந்த நாடும் பாடம் கற்க முடியாது.

இந்தச் சிந்தனை விமானத் தளத்தோடு நிற்க வேண்டியதும் இல்லை. தீயணைப்பு வீரர், கடலில் மீட்புக்குச் செல்பவர், அவசர சிகிச்சைப் பிரிவின் இளம் மருத்துவர் என எல்லோருக்கும் தத்தம் 200 அடி உண்டு. அங்கே அவர்கள் சிந்தித்து முடிவெடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முன்பே சிந்தித்து வைத்ததை அவர்களுடைய கைகள் செய்யும். அதுவும் அந்தக் கைகளைப் பத்திரமான இடத்தில் பலமுறை பழக்கியிருந்தால் மட்டுமே.

மீண்டும் அந்த 200 அடிக்கு வருவோம். கயிறு விடுபட்டதும் மாணவர் மூக்கைத் தாழ்த்துகிறார், வேகமானியைப் பார்க்கிறார், காற்று வரும் பக்கமாக இறக்கையை 45 பாகை சாய்க்கிறார். சற்று நேரத்தில், புறப்பட்ட ஓடுதளத்திலேயே எதிர்த் திசையில் சக்கரம் தரையைத் தொடுகிறது. பார்ப்பவர்களுக்கு அதில் வீரம் எதுவும் தெரியாது. சாதாரணத் தரையிறக்கம்போலத்தான் இருக்கும். நல்ல பயிற்சி அப்படித்தான் இருக்க வேண்டும்.